மாணவன் எழுத்து யாருடைமை?

பள்ளி ஆண்டு மலர் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். வழவழப்பான அட்டை. உள்ளே தாளாளரின் வாழ்த்துரை, தலைமையாசிரியரின் முன்னுரை, வருகை தந்த பெருமக்களின் படங்கள் வரிசை வரிசையாக. அவற்றையெல்லாம் கடந்து சென்றால்தான் மாணவரின் எழுத்து கண்ணிற் படும். அங்கே ஒரு கவிதை. அழகிய கவிதை. அதன்கீழ் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் பெயர். படித்தவர் அறிவர், அது நாடறிந்த கவிஞர் ஒருவர் எழுதியது என்பதை. பக்கத்தைத் திருப்பினால் ஒரு கட்டுரை. ஊர் ஏரியின் மதகு எவ்வாறு தூர்ந்தது என்பதைப் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு ஒரு மாணவன் எழுதியது. அதன்கீழ்ப் பெயர் இல்லை. "தமிழ் மன்றம்" என்ற இரண்டு சொற்கள் மட்டும் நிற்கின்றன.

தன்னுடையதல்லாத எழுத்துக்கு ஒருத்தியின் பெயர்; தன்னுடைய எழுத்துக்கு ஒருவன் பெயர் இழப்பு. இரண்டும் ஒரே மலரில், அடுத்தடுத்த பக்கங்களில்! அச்சிட்டவருக்கு உறுத்தவில்லை, படித்தவருக்கும் உறுத்தவில்லை. எழுத்து என்பது உழைப்பு, உழைப்புக்கு உரியவன் ஒருவன் உண்டு என்பதை நாம் மாணவர்க்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அதனால்தான் எடுப்பதும் எளிதாகிவிட்டது, இழப்பதும் இயல்பாகிவிட்டது.

"சிறுவர் மலர்தானே, இதற்கு ஏன் இத்துணை ஆராய்ச்சி?" என்று கேட்பவர் உளர். அவர்களுக்கு விடை சொல்லவே இக்கட்டுரை.

எழுத்துரிமை என்பது மேனாட்டார் நமக்குக் கற்பித்த புதுமை என்று சிலர் எண்ணுகின்றனர். சட்டம் என்ற அளவில் அது உண்மையே. இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த சட்டமே எழுதியவருக்கு உரிமை வழங்கிய முதற் சட்டம் என்பர். 1914ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இங்கிலாந்தின் பிற்காலச் சட்டம் இந்நாட்டில் ஊன்றப்பட்டது. விடுதலைக்குப் பின், 1957இல் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் பிறந்தது. ஆயினும் எழுதியவன் பெயரைச் சொல்லவேண்டும், எடுத்த இடத்தைச் சொல்லவேண்டும் என்னும் அறம் தமிழனுக்குப் புதிதன்று. பாயிரம் என்பது என்னென்ன கூறவேண்டும் என்று பவணந்தியார் நன்னூலில் வகுத்துரைக்கிறார். எட்டுச் செய்திகள். அவற்றுள் முதலாவது, நூலைச் செய்தவன் பெயர். இரண்டாவது, அந்நூல் வந்த வழி. அதன் பின்னரே எல்லையும் நூற்பெயரும் யாப்பும் பொருளும் கேட்போரும் பயனும் வருகின்றன. பயனைக் கடைசியில் வைத்துப் பெயரையும் வழியையும் முன்னிறுத்திய மரபு நம்முடையது!

தொல்காப்பியமும் முதல்நூல் இன்னது, வழிநூல் இன்னது என்று பிரித்துக் காட்டுகிறது. பிறர் நூலினின்றும் தொகுக்கலாம், விரிக்கலாம், தொகுத்து விரிக்கலாம், மொழிபெயர்க்கலாம். தடை இல்லை. வழிநூல் செய்தவனை எவரும் கள்வன் என்று சொல்லவில்லை. ஆனால் வழிநூலை முதல்நூல் என்று காட்டுபவனுக்கு அம்மரபில் இடமில்லை. எடுத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பதைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெளிந்த மொழி, இன்று தன் பிள்ளைகளின் மலரில் அத்தெளிவை இழந்து நிற்கிறது.

எல்லை என்று கூறியதும் வடவேங்கடம் நினைவுக்கு வரும். சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் நெடுவழியில், திருத்தணிக்கு அண்மையில், கனகம்மாசத்திரம் என்னும் சிற்றூர் உள்ளது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் ஒலிக்கும் வட்டாரம் அது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது திருத்தணி ஆந்திரத்தோடு நின்றது. மங்கலங்கிழார் போன்ற தமிழாசிரியர்கள் விதைத்த உணர்வும், ம. பொ. சிவஞானம் முதலியோர் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டமும் சேர்ந்து, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியைத் தமிழகத்தோடு இணைத்தன. அந்த மண்ணில் ஒரு மாணவன் தமிழில் நான்கு வரி எழுதுகிறான் என்றால், அந்த நான்கு வரிக்குப் பின்னே ஒரு வரலாறு நிற்கிறது.

அவ்வூரின் பெயரையே எண்ணிப் பாருங்கள். சத்திரம் என்பது வழிநடப்போர் யாவர்க்கும் திறந்த இடம். எவரும் தங்கலாம், இளைப்பாறலாம், காலையில் எழுந்து தம் வழியே போகலாம். எனினும் அச்சத்திரத்துக்கு ஒரு பெயர் உண்டு. கனகம்மா என்னும் பெயரை நீக்கிவிட்டு அவ்வூரை அழைக்க முடியுமா? யாவர்க்கும் பயன்படுவதும், உரியவர் பெயர் நிலைத்திருப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை ஊர்ப்பெயரே உரைக்கிறது. எழுத்தும் அத்தகையதே. நான்கு பேர் தங்குவதற்காகத்தான் அது எழுதப்படுகிறது. பெயர்ப்பலகையைக் கழற்றிச் செல்வதற்காக அன்று.

இதே திருத்தணியில் 1888இல் பிறந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். பின்னாளில் குடியரசுத் தலைவரானார். அவர் பிறந்த செப்டம்பர் 5ஆம் நாள் 1962 முதல் ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் மாணவராயிருந்தபோது வேதாந்தத்தின் அறநெறி பற்றி அவர் எழுதிய ஆய்வுரை 1908இல் நூலாக வெளிவந்தது. அப்போது அவருக்கு அகவை இருபது. மாணவர் ஒருவரின் ஏடு, மாணவரின் பெயரோடு, நூலாகி உலாவியது. அந்த வாய்ப்பு அவருடைய வளர்ச்சிக்கு முதற்படி ஆயிற்று. மாணவன் எழுத்துக்கு அவன் பெயர் கிடைத்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அவரே இருபத்தோராண்டு கழித்து, மற்றொரு மாணவரின் ஏடு பற்றிய வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றார். ஆசிரியர் நாள் மேடைகளில் ஒருவரும் பேசாத செய்தி இது. பேச வேண்டிய செய்தி.

1921இலிருந்து இராதாகிருஷ்ணன் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கினார். இந்தியத் தத்துவம் பற்றிய அவருடைய பெருநூலின் முதற்பகுதி 1923இலும் இரண்டாம் பகுதி 1927இலும் இலண்டனில் வெளியாயின. ஜதுநாத் சின்கா என்பவர் அதே பல்கலைக்கழகத்தில் பயின்றவர். பிரேம்சந்த் ராய்ச்சந்த் உதவித்தொகைக்காக, காட்சியறிவு பற்றிய இந்திய உளவியல் குறித்து விரிவான ஆய்வுரை அளித்தவர். அவ்வாய்வுரையைப் படித்து மதிப்பிடும் நிலையில் இருந்தவர்களுள் இராதாகிருஷ்ணனும் ஒருவர். சின்கா பின்னர் மீரட் கல்லூரியில் ஆசிரியரானார். தம் ஆய்வின் பகுதிகளை அக்கல்லூரியின் இதழில் முன்னரே வெளியிட்டிருந்ததாகவும் கூறினார். ஆம், நாம் இன்று குப்பையென ஒதுக்கும் கல்லூரி இதழ்தான்! ஒரு பெரும் வழக்கில் அதுவே சான்றாக நின்றது.

1929 ஜனவரியில் மாடர்ன் ரிவ்யூ என்னும் கல்கத்தா மாத இதழில் சின்காவின் மடல் வெளியாயிற்று. தம் ஆய்வுரையின் பகுதிகள் பேராசிரியரின் நூலில் தம் பெயரின்றி இடம்பெற்றுள்ளன என்பது அவருடைய குற்றச்சாட்டு. பேராசிரியர் மறுத்தார். இருவரும் ஒரே வடமொழி மூலநூல்களைக் கொண்டு ஒரே பொருளை எழுதினோம். ஆகவே சொற்கள் ஒத்திருப்பதில் வியப்பில்லை என்பது அவருடைய மறுமொழியின் சாரம். மடலும் மறுமொழியும் அவ்விதழில் மாறி மாறி வந்தன. அவ்வாண்டிலேயே சின்கா நீதிமன்றம் சென்று 20,000 ரூபாய் இழப்பீடு கோரினார். இராதாகிருஷ்ணன், சின்காவின்மீதும் இதழாசிரியர் இராமானந்த சட்டர்ஜியின்மீதும் ஒரு லட்சம் ரூபாய் கேட்டு மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1933 மே மாதத்தில் இரு வழக்குகளும் இருதரப்பு இணக்கத்தால் முடிவுற்றன. குற்றச்சாட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. யார் சொன்னது மெய் என்று நீதிமன்றம் தீர்ப்புரைக்கவில்லை.

இவ்வளவே வரலாறு. இதனை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் செப்டம்பர் 5 வந்தால் இரண்டு கூட்டங்கள் எழுகின்றன. ஒரு கூட்டம், ஆசிரியர் திலகத்தின்மீது இத்தகைய பேச்சே கூடாது என்று வாயை மூடச் சொல்கிறது. மற்றொரு கூட்டம், நம் மேடைகளில் இருப்பதும் அதுதான், திருடர் திருடர் என்று முழங்கிக் கைதட்டல் வாங்குகிறது. இரண்டும் பகுத்தறிவின் வழியல்ல. மெய்ப்பிக்கப்படாத குற்றத்தைத் தீர்ப்பாக்குவது அறமன்று. வழக்கே நடக்காதது போல் மூடி மறைப்பதும் அறமன்று. பகுத்தறிவாளன் ஆளை விட்டு அமைப்பைப் பார்க்க வேண்டும்.

அமைப்பு எப்படி இருந்தது? ஒருவன் ஆண்டுக்கணக்கில் உழைத்து ஓர் ஆய்வுரை எழுதுகிறான். அச்சிடப் பணமில்லை. கையெழுத்துப் படி பெரியோரிடம் போகிறது. அது எவர் மேசையில் எத்தனை நாள் கிடந்தது, எவர் படித்தார், எவர் குறிப்பெடுத்தார் என்பதற்கு ஏடு இல்லை. மதிப்பிடுவோரும் அதே துறையில் நூல் எழுதுபவர். ஒத்த வரிகள் தோன்றினால், தன்னுடையதுதான் முந்தியது என்று மெய்ப்பிக்கும் சுமை இளையவன் தலையில். அவனுடைய எதிர்காலமோ அதே பெரியோரின் கையில். இந்நிலையில் நேர்மையான பேராசிரியர்மீதும் ஐயம் விழும், நேர்மையற்றவரும் தப்பித்துக்கொள்வர். இருவருக்கும் தீங்கு செய்யும் அமைப்பு அது. சின்காவுக்கு ஓர் இதழாசிரியர் பக்கங்களைத் திறந்துவிட்டார். வழக்குச் செலவுக்கும் அவர் துணிந்தார். எத்தனை பேருக்கு அத்தகைய இதழும் துணிவும் வாய்க்கும்?

ஏகலைவன் கட்டைவிரலைக் காணிக்கை கேட்ட கதையைக் குருபக்தி என்று புகழ்ந்துகொண்டிருக்கும் நாடு இது. கற்பித்தவருக்கு மாணவன் கடன்பட்டவன். ஆகவே மாணவன் எழுதியதில் ஆசிரியருக்குப் பங்கு என்று எண்ணும் மனம் இன்னும் மாயவில்லை. ஆய்வேட்டின் ஒரு பகுதி நெறியாளர் பெயரில் கட்டுரையாவதும், மாணவர் திரட்டிய நாட்டார் பாடல்கள் துறைத்தலைவர் பெயரில் நூலாவதும் கேள்விப்படாத செய்திகளா? பக்தி என்ற சொல்லால் இவற்றைப் போர்த்துவதை நிறுத்துவோம்.

சட்டம் இதுபற்றி என்ன சொல்கிறது? தெளிவாகவே சொல்கிறது. எழுதியவனே எழுத்தின் முதல் உடைமையாளன். ஊதியத்துக்குப் பணிபுரிபவன் தன் பணியின் பகுதியாக எழுதினால், வேறு உடன்பாடு இல்லாதபோது, உரிமை முதலாளியைச் சேரலாம். மாணவன் பள்ளியின் ஊழியனா? இல்லை, கட்டணம் கட்டிப் படிப்பவன். ஆகவே ஆண்டு மலரில் அவன் எழுதியது அவனுக்கே உரியது. மலரில் அச்சிட இசைவு தந்தான் என்பதால் உரிமையையே தந்துவிட்டான் என்று பொருளன்று. உரிமை மாற வேண்டுமானால் எழுத்து வேண்டும், கையொப்பம் வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிக்காவிட்டால் ஐந்தாண்டே என்று சட்டம் கொள்கிறது. உரிமையை விற்றுவிட்ட பின்னும், இதை எழுதியவன் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் எழுத்தைத் தன் மதிப்புக்குக் கேடு வரும்படி சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் எழுதியவனிடமே தங்கும். சட்டத்தின் 57ஆம் பிரிவு தரும் காப்பு அது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுதி முடித்த அப்போதே உரிமை பிறக்கிறது. நான்கு முழத் தாளில் மையால் எழுதிய கையெழுத்து இதழுக்கும் அது பொருந்தும்.

கையெழுத்து இதழை இகழாதீர்கள். 1940களின் தொடக்கத்தில் திருவாரூரில் பள்ளி மாணவராயிருந்த மு. கருணாநிதி நடத்தியது மாணவ நேசன் என்னும் கையெழுத்து இதழ். பின்னாளில் ஐந்து முறை முதலமைச்சரானவரின் எழுதுகோல் முதலில் பழகியது அத்தகைய ஏட்டில்தான். அந்நாளில் ஊர்தோறும் மாணவர் மன்றங்கள் அத்தகைய ஏடுகளை நடத்தின. அச்சுப் பொறிக்குக் காசில்லாதவனுக்கும் ஆசிரியன் என்ற பெயரை அவை தந்தன. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான் என்று சொல்லும் பிள்ளைக்கு, தாளின் அடியில் தன் பெயரைக் காண்பது சிறு செய்தியன்று. அதனால்தான் அப்பெயரை விடுத்து "தமிழ் மன்றம்" என்று போடுவது பெருந்தவறு.

இனி மறுபக்கம். மாணவன் பிறர் எழுத்தை எடுத்தாளும்போது நிலை என்ன?

இங்கே எனக்கு மாணவன் சார்பில் வழக்காட வேண்டியிருக்கிறது. ஏனெனில், உரிமை உரிமை என்று முழங்கி மாணவன் கையிலுள்ள நூலையே பறிக்கத் துணிந்தவர்களும் உளர். டில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பள்ளி வளாகத்தில் இராமேசுவரி என்ற பெயரில் ஒரு சிறு ஜெராக்ஸ் கடை. பேராசிரியர்கள் குறித்துக் கொடுத்த பட்டியலின்படி, பல நூல்களின் பகுதிகளைப் படியெடுத்துப் பாடத் தொகுப்பாகக் கட்டி மாணவர்க்கு விற்றது. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்டு பிரான்சிஸ் நிறுவனத்தாரும் கூடி அந்தக் கடைமீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தனர். பல நூற்றாண்டுப் பழமையுடைய பதிப்பகங்கள் ஒருபுறம். நகலெடுக்கும் பொறி வைத்துப் பிழைப்பவர் மறுபுறம். மாணவர் சங்கம் தன்னையும் வழக்கில் சேர்க்கக் கேட்டு வந்து நின்றது. அறிஞர் பலர், அமர்த்தியா சென் உள்ளிட்டோர், பதிப்பகங்களின் போக்கை ஏற்கவில்லை. யாருடைய நூல்களைக் காக்கிறோம் என்று பதிப்பகத்தார் சொன்னார்களோ, அந்நூலாசிரியர்களிலேயே பலர் மாணவர் பக்கம் நின்றது கவனிக்கத்தக்கது.

2016 செப்டம்பர் 16இல் டில்லி உயர்நீதிமன்ற நீதிபதி இராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை தெய்வத்தால் வந்ததும் அன்று, இயற்கையால் வந்ததும் அன்று. கலையும் அறிவும் வளர்ந்து பொதுமக்கள் பயன்பெறுவதற்காகச் சட்டம் அளித்தது என்பது அவர் கண்ட முடிபு. தெய்வீக உரிமை என்ற சொல்லை மன்னர்களிடமிருந்தும் மடங்களிடமிருந்தும் பறித்த நாம், அதனைப் பதிப்பகங்களிடம் விட்டு வைப்போமா? மேல்முறையீட்டில், அவ்வாண்டு டிசம்பர் 9ஆம் நாள், நீதிபதிகள் பிரதீப் நந்திரஜோக், யோகேஷ் கன்னா அமர்வு, பாடம் நடத்துவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு எடுக்கலாம், விழுக்காட்டுக் கணக்குத் தேவையில்லை என்ற கருத்தில் நின்றது. குறித்த பகுதிகள் பாடத்துக்கு உண்மையில் தேவையானவையா என்பதை மட்டும் விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைத் தாமே விலக்கிக்கொண்டன. பதிப்புரிமை அமைப்பு ஒன்று உச்சநீதிமன்றம் வரை சென்றும் அவ்வாண்டு மே மாதத்தில் வெறுங்கையோடு திரும்பியது.

இத்தீர்ப்பைக் கேட்டதும், "இனி எதையும் எடுக்கலாம்" என்று துள்ளுவோர் உண்டு. பொறுக்க! அத்தீர்ப்பு நின்றது 52ஆம் பிரிவின் ஒரு கூற்றின்மேல்: ஆசிரியரோ மாணவரோ பாடம் நடத்தும் போக்கில் படியெடுத்தல். ஆண்டு மலர் பாடமா? வகுப்பில் படிக்க எடுத்த படி வேறு. அட்டை போட்டு அச்சிட்டு ஊரெங்கும் வழங்கும் மலர் வேறு. மலருக்குப் பொருந்தும் வழி அதே பிரிவின் வேறு கூற்றுகளில் உள்ளது. ஒரு நூலைத் திறனாயவும் மதிப்புரைக்கவும் அதிலிருந்து வேண்டிய அளவு எடுத்துக் காட்டலாம். நேர்மையான கையாள்கை என்று சட்டம் அதனைக் கூறும். கவிஞரின் நான்கு வரியை எடுத்து அதன் நயத்தைக் கூறுபவன் கையாள்கிறான். முழுக் கவிதையையும் அச்சிட்டுத் தன் பெயரைப் போடுபவன் கவர்கிறான். பாடநூலாகத் தொகுப்பவர்க்கும் எல்லை உண்டு: தொகுப்பின் பெரும்பகுதி உரிமைக் காலம் கடந்த எழுத்தாயிருக்க வேண்டும்; தொகுப்பை வெளியிடும் ஒரே பதிப்பகத்தார், ஒரே ஆசிரியரின் நூல்களிலிருந்து ஐந்தாண்டுக்குள் இரண்டு சிறு பகுதிகளுக்கு மேல் வெளியிடுதல் ஆகாது. பள்ளி விழாவில் பிறர் நாடகத்தை மாணவர் நடிக்கலாம். பார்ப்போர் ஆசிரியர், மாணவர், பெற்றோர் போன்ற பள்ளியைச் சார்ந்தோராய் இருக்கும்வரை. நுழைவுச் சீட்டு விற்று ஊரைக் கூட்டினால் அந்தச் சலுகை கிட்டாது. அமெரிக்க நாட்டில் 1976ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு அளவுகோல்களைத் தந்து, நோக்கம், எழுத்தின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு நேரும் பாதிப்பு ஆகியவற்றை எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. நம் சட்டமோ விலக்குகளைப் பட்டியலிட்டுக் கூறுகிறது. பட்டியல் நீளமானது, மாணவனுக்குப் போதுமானது. ஆனால் அதனைப் படித்துக் காட்டும் மலர்க்குழு எங்கே?

தமிழகத்து மாணவனுக்கு மற்றொரு பெருஞ்செல்வமும் உண்டு. அதனை அறியாமலே அவன் திருடனாகிறான் என்பதுதான் வேடிக்கை. பாரதியின் பாடல்கள் ஒருகாலத்தில் தனியார் உடைமையாயிருந்தன. திரைப்படத்துக்கும் இசைத்தட்டுக்கும் உரிமை வாங்கி வைத்திருந்த ஏவி. மெய்யப்பன் அதனை விட்டுக்கொடுக்க, ஓமந்தூரார் அமைச்சரவைக் காலத்தில், 1949இல், அப்பாடல்களைச் சென்னை அரசு நாட்டுக்கு உரியவையாக்கியது. அன்று தொடங்கிய நல்வழக்கம் பின்னர் விரிந்தது. பாவேந்தர், பேரறிஞர் அண்ணா உள்ளிட்ட பலருடைய நூல்கள் நாட்டுடைமையாயின. 2024இல் கலைஞரின் நூல்களும் அவ்வரிசையில் சேர்ந்தன. எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பின் அறுபது ஆண்டு கழிந்தால், எவருடைய எழுத்தும் பொதுவாகிவிடும் என்பதும் சட்டம். ஆக, மலருக்கு எடுத்துப் போட இசைவே கேட்க வேண்டாத எழுத்து மலைபோல் குவிந்து கிடக்கிறது. அண்ணாவின் கட்டுரையை மலரில் முழுதாக வெளியிடலாம், எவரும் கேளார். அதன்கீழ் அண்ணா என்று போட வேண்டும். அவ்வளவே! நாட்டுடைமை என்றால் விலையில்லை என்று பொருள். பெயரில்லை என்று பொருளன்று.

நம் வீட்டுச் செய்தி ஒன்றையும் மறைக்காமல் கூறுவோம். தந்தை பெரியாரின் குடி அரசு எழுத்துகளைப் பெரியார் திராவிடர் கழகத்தார் தொகுதிகளாக வெளியிட முனைந்தபோது, பெரியார் சுயமரியாதைப் பிரசார நிறுவனத்தின் சார்பில் தடை கேட்டு வழக்கு எழுந்தது. 2009இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி கே. சந்துரு தடையாணை வழங்க மறுத்தார். 2010இல் இரு நீதிபதிகள் அமர்வும் அதனை உறுதிப்படுத்தியது. உரிமை தமக்கு மாற்றித் தரப்பட்டது என்பதை நிறுவனம் காட்ட இயலவில்லை என்பது அதன் அடிப்படை. ஒரே தலைவரை ஏற்ற இரு அமைப்புகள், தலைவரின் எழுத்தைப் பரப்புவது யார் என்று நீதிமன்றத்தில் நின்றது பெருமைக்குரியதன்று. ஆனால் அதில் ஒரு படிப்பினை உண்டு. ஓர் அமைப்பின் இதழில் வந்தது என்பதனாலேயே எழுத்து அமைப்பின் சொத்தாகிவிடாது. பெரியாரின் எழுத்துக்கு அந்த நீதி என்றால், பெயர் தெரியாத ஒன்பதாம் வகுப்பு மாணவனின் எழுத்துக்கும் அதே நீதிதான்.

இன்று பல்கலைக்கழகங்கள் விழித்துக்கொண்டதாகச் சொல்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் எழுத்துத் திருட்டைத் தடுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. ஒப்புமை பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. பத்து முதல் நாற்பது வரை ஒரு படி. நாற்பது முதல் அறுபது வரை ஒரு படி. அறுபதைத் தாண்டினால் ஆய்வுப் பதிவே நீங்கும். ஆசிரியர்க்கும் ஊதிய உயர்வு நிறுத்தம் முதலிய தண்டங்கள் உண்டு. நன்று. ஆனால் இக்கணக்கைப் போடுவது எந்திரம். அச்சேறிய எழுத்தோடும், தன் களஞ்சியத்தில் உள்ள ஏட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்க எந்திரத்துக்குத் தெரியும். அச்சேறாத மாணவன் குறிப்பேடு பேராசிரியர் மேசையில் கிடந்தால், அதை எந்திரம் எங்ஙனம் காணும்? கருத்தைக் கவர்ந்து சொல்லை மாற்றினால் எங்ஙனம் பிடிக்கும்? மேலோர் கவர்வதும் கீழோர் கவர்வதும் நிகழும் நாட்டில், கீழோரை மட்டும் காணும் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் நீதி கிடைக்குமா? பத்து விழுக்காடு வரை கவலையில்லை என்று எண்ணும் மாணவனும், பெயர் சொல்லும் அறத்தைக் கற்காமல், எண்ணிக்கைத் தந்திரத்தைக் கற்றுக்கொள்கிறான்.

ஆகவே வேண்டுவன யாவை? பெருஞ்செலவு வேண்டாம், புதுச் சட்டமும் வேண்டாம். மலரில் ஒவ்வோர் எழுத்தின் கீழும் எழுதியவர் பெயர் இருக்கட்டும். பிறர் எழுத்தை எடுத்தால், எடுத்த நூலின் பெயரும் ஆசிரியர் பெயரும் இருக்கட்டும். பவணந்தியார் சொன்ன முதல் இரண்டு செய்திகள் அவை. உரிமையுள்ள எழுத்தை முழுதாக வெளியிட விரும்பினால் ஓர் அஞ்சலட்டை எழுதி இசைவு கேளுங்கள். தமிழ் எழுத்தாளர்கள் மாணவர்க்கு மறுப்பது அரிது. மாணவர் எழுத்தைப் பள்ளி வேறிடத்தில் மறுபடி பயன்படுத்த எண்ணினால், மாணவரையும் பெற்றோரையும் கேட்கட்டும். ஆய்வேடு எவரிடம் எந்நாள் கொடுக்கப்பட்டது என்பதற்கு ஒப்புகைச் சீட்டு வழங்கட்டும் கல்லூரிகள். கடன் வாங்கிய ஐந்நூறு ரூபாய்க்குச் சீட்டு எழுதும் நாட்டில், ஐந்தாண்டு உழைப்புக்குச் சீட்டு கிடையாது என்பது என்ன முறை?

இவற்றைச் செய்ய மறுப்பவர் கூறும் காரணம் ஒன்றே: "குழந்தைகள்தானே!" குழந்தைகள் என்பதாலேயே செய்ய வேண்டும் என்கிறோம். பிறர் கவிதைக்குத் தன் பெயர் போட்டுப் பரிசு வாங்கிய மாணவிக்கு அன்று கைதட்டியவர்கள் நாமே. நாளை அவள் பேராசிரியையாகித் தன் மாணவன் ஏட்டைத் தன் நூலாக்கினால், எந்த முகத்தோடு குறை கூறுவோம்? தன் கட்டுரைக்குப் பெயர் இழந்த மாணவன், எழுதுவதால் பயனில்லை என்று எழுதுகோலை வைத்துவிட்டால், அவ்விழப்புக்கு யார் ஈடு செய்வர்? எல்லைப்புறத்துச் சிற்றூரில், இரு மொழிகளுக்கு நடுவே தன் தாய்மொழியைத் தேர்ந்து எழுத வந்தவன் அவன். அவன் கேட்பது பொன்னும் பொருளும் அல்ல. தான் எழுதிய தாளின் அடியில் தன் பெயர்.

அதைக் கொடுங்கள், அடுத்த ஆண்டும் அவன் எழுதுவான்.